உறுதி உங்கள் அலுமாரியில், மிதிவெடி உங்கள் காணியில்

வன்னியிலும் பளைப் பக்கத்திலும் காணி வைத்துக்கொண்டு வெளிநாடுகளில் வாழும் உறவுகளுக்கு,

ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கிற உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு காணி உறுதி பத்திரமாக இருக்கும். அப்பாவோ அம்மப்பாவோ விட்டுப்போனது. வடக்கே இன்னாருடைய தென்னங்காணி, கிழக்கே ஒழுங்கை, மேற்கே சித்தப்பாவின் வளவு என்று நாலு பக்க எல்லையும் அதில் எழுதியிருக்கும். முகமாலை, இத்தாவில், வேம்பொடுகேணி, கிளாலி, நாகர்கோவில் பக்கத்து உறுதியென்றால், நொத்தாரிசு எழுதாத இன்னோர் எல்லையும் அந்தக் காணிக்குள்ளால் போனது. 2000ஆம் ஆண்டிலிருந்து 2008 முடியும்வரை அங்கே முன்னரங்கு இருந்தது. மண் அணை, காவலரண், முட்கம்பி, அதற்கு முன்னால் வரிசை வரிசையாக மிதிவெடி. மண் அணை மழையில் கரைந்துவிட்டது. கம்பியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். மிதிவெடி இன்னும் முழுதாக எடுபடவில்லை.

அரசுக்கும் படைத்தரப்புக்கும் எழுத வேண்டியது நிறைய உண்டு. அதை எழுதுவோரும் இருக்கிறார்கள். இந்த மடல் உங்களுக்கு மட்டும். ஏனென்றால் காணி உங்களுடையது. அந்தக் காணியில் போர்க்காலத்தில் எது எங்கே இருந்தது என்று கண்ணால் கண்ட பலர் இன்று உங்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். ஊரில் மிதிவெடி எடுக்கும் வேலைக்குப் பணம் தருகிற நாடுகளில் பலவற்றில் உங்களுக்கு வாக்குரிமையும் இருக்கிறது.

இந்த வேலைக்கு ஒரு கெடுவும் இருக்கிறது. இலங்கை 2017 டிசம்பர் 13ஆம் திகதி மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. சேர்ந்த நாடு தன் மண்ணிலுள்ள மிதிவெடிகளைப் பத்து ஆண்டுகளுக்குள் அகற்றி முடிக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை. அதன்படி இலங்கைக்கான கடைசி நாள் 2028 ஜூன் 1. களஞ்சியத்தில் இருந்த மிதிவெடிகளை அழிக்கும் வேலை 2021இல் முடிந்துவிட்டது. மண்ணில் இருப்பவைதான் மிச்சம். அந்த நாள் வந்ததும் அகற்றும் குழுக்கள் மெல்லமெல்லக் கூடாரத்தைக் கழற்றும். பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், கருவிகள் வேறு நாட்டுக்குப் போகும். அதற்குப் பிறகு ஒருவருடைய காணியில் ஒரு மிதிவெடி தலைகாட்டினால், இன்று போல ஒரு குழு அடுத்த கிராமத்திலேயே நிற்காது.

முகமாலையை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகு ஊருக்கு வந்த ஒவ்வொருவரும் அந்தச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டி, வெயிலில் வரிசையில் நின்றவர்கள்தான். வீதியின் இரு மருங்கிலும் தலையறுந்த தென்னைகளையும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளையும் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால், 2001 ஏப்ரல் 25ஆம் திகதி, அதே இடத்தில்தான் இராணுவத்தின் 'தீச்சுவாலை' நடவடிக்கை தொடங்கியது. முன்னேறிய படையினர் மிதிவெடி வயல்களுக்குள் அகப்பட்டு, சில நாட்களில் பின்வாங்கினார்கள். 2006 ஆகஸ்ட் 11இல் வீதி திரும்பவும் மூடப்பட்டது. அதற்குப் பின் அங்கே நடந்த ஒவ்வொரு சண்டைக்கும் இரு தரப்பும் தங்கள் தங்கள் அணைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் புதைத்தன. உலகத்திலேயே மிக நெருக்கமாக மிதிவெடி புதைந்த நிலங்களில் ஒன்றாக முகமாலையை மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

என்ன புதைத்தார்கள் என்பதும் தெரிந்த கதைதான். இராணுவத்தின் பக்கம் பாகிஸ்தானில் செய்த பி4, சீனத்து டைப் 72 போன்றவை. புலிகளின் பக்கம் ஜொனி, ரங்கன் 99. பி4 உள்ளங்கைக்குள் அடங்கும். மேலெல்லாம் பிளாஸ்டிக், உள்ளே ஏறக்குறைய 30 கிராம் வெடிமருந்து. ஒரு பாதத்தைப் பறிக்க அது போதும். மிதித்தவரைத் தூக்க இன்னும் இருவர் சண்டையை விட்டுவர வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் கணக்கு. ஜொனி பலகைப் பெட்டியில் செய்தது. உலோகம் குறைவாக இருப்பதால் உலோகம் தேடும் கருவிக்கு இவை எளிதில் எட்டுவதில்லை. பத்து மாரி போனாலும் பிளாஸ்டிக் உக்குவதுமில்லை. மிதிப்பவர் சிப்பாயா, விறகுக்குப் போன அம்மாவா, மாட்டைத் தேடிப்போன பொடியனா என்று அதற்குத் தெரியவும் தெரியாது.

இதை எடுப்பது எப்படியென்று கிட்ட நின்று பார்த்தவர்கள் உங்களில் குறைவு. விடிந்து வெயில் ஏறுமுன் வேலை தொடங்கும். ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. இரண்டு பக்கமும் தடிகளும் கயிறும். அதற்குள் ஒரு பெண் முழந்தாளிட்டு இருப்பார். மார்பை மூடிய கனமான கவசம், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. முதலில் புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்குவார். பிறகு கருவியை மண்ணுக்குச் சற்று மேலே வலமும் இடமும் அசைப்பார். சத்தம் வந்தால் அந்த இடத்தைக் குறித்து, சற்றுத் தள்ளிப் பின்னாலிருந்து பக்கவாட்டாக மண்ணைச் சுரண்டிக்கொண்டு முன்னுக்கு வருவார். நூற்றில் பெரும்பாலும் வருவது ஆணி, சன்னத்தின் கோது, முட்கம்பித் துண்டு, தகர மூடி. ஒவ்வொன்றையும் மிதிவெடி என்று எண்ணியேதான் தோண்ட வேண்டும். உலோகம் அதிகமாகக் கிடக்கும் இடத்தில் கருவியை வைத்துவிட்டு, நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைப் படை படையாக வாரி எடுப்பார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தும் சில அடி தூரம் மட்டுமே முன்னேறிய நாட்கள் உண்டு. இந்த மண்ணிலிருந்து ஹலோ ட்ரஸ்ட் என்ற ஒரு நிறுவனம் மட்டும் 2002இலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை எடுத்திருக்கிறது. மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவத்தின் மனிதநேயப் பிரிவும் எடுத்தவை அதற்கு வெளியே.

அந்தப் பெண்களில் பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். உங்கள் காணியின் மண்ணை உங்களை விடக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இவ்வளவு வேலை நடக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை சிவப்புப் பலகை நட்ட இடத்தைப் பற்றியதே இல்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளையும் கால் வைக்காது. பலகை இல்லாத இடத்தைப் பற்றியதுதான் கவலை. இராணுவம் தன்னிடமிருந்த பதிவுகளை அகற்றும் குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் முன்னரங்கு ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தது. 2008, 2009இல் வன்னி முழுவதும் சில வாரங்களுக்கு மட்டும் நின்ற அணைகள் ஏராளம். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எல்லா மாவட்டக் காடுகளுக்குள்ளும் அப்படிப்பட்ட துண்டுகள் கிடக்கின்றன. புலிகள் புதைத்தவற்றுக்கு எழுத்தில் கிடைத்த பதிவு மிகக் குறைவு. ஆகவே கணக்கில் இல்லாத புதுப் புது இடங்கள் இன்றும் தெரியவருகின்றன. எப்படித் தெரியவருகின்றன? மீள்குடியேறிய ஒருவர் பற்றையை வெட்டும்போது காண்கிறார், விதானையாரிடம் சொல்கிறார், குழு வந்து பார்க்கிறது.

ஆள் இருக்கும் காணியில் இது நடக்கிறது. உங்கள் காணியில் ஆள் இல்லை. மதிப்பாய்வுக்கு வருகிறவர்கள் ஒழுங்கையில் நின்று அயலவரிடம் கேட்பார்கள். "அது வெளிநாட்டுக்காரரின் காணி, நாங்கள் உள்ளே போறதில்லை" என்ற பதில்தான் கிடைக்கும். பற்றை மூடிய காணிக்குப் பக்கத்தில் இருக்கிற வளவுகள் எல்லாம் துப்புரவாகி, வீடு எழும்பி, பிள்ளைகள் விளையாடத் தொடங்கியிருக்கும். நடுவில் உங்கள் காணி மட்டும் யாரும் கேள்வி கேட்காமல் கிடக்கும்.

பிறகு ஒரு நாள் தொலைபேசி வரும். உங்களிடமிருந்துதான்.

"தம்பி, காசு போட்டிருக்கிறன். ஒரு பெக்கோ பிடிச்சுக் காணியைத் துப்புரவாக்கி, நாலு பக்கமும் கம்பி அடிச்சு விடு. வாற ஆடிக்கு வருவன்."

இந்த மடலில் உங்கள்மேல் ஒரு குறை சொல்ல வேண்டியிருந்தால் அது இதுதான். காணி விலை ஏறுகிறது, யாரோ அத்துமீறிப் பிடிக்கிறார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பில் "மிதிவெடி பார்த்தாச்சா?" என்ற கேள்வி பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்காததன் விலையை நீங்கள் கொடுக்கப்போவதில்லை. பெக்கோ ஓட்டுகிறவரும், கம்பிக்குக் கிடங்கு வெட்டும் நாள்கூலிக்காரரும், குவித்த குப்பைக்குத் தீ வைக்கும் மனிதரும்தான் கொடுப்பார்கள். வன்னியில் குப்பை எரிக்கும்போது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய இரும்புக்கு நல்ல விலை வருகிறதென்று ஆளில்லாக் காணிகளுக்குள் புகுந்து, கையில் அகப்பட்டதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். நாள்கூலிக்குப் போகிறவர் காணிக்காரரைக் கேள்வி கேட்கமாட்டார். அவர் கேட்காததை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி, வாய் திறக்கத் தயங்குகிற ஒரு விஷயம்.

உங்களில் அந்த அணைகளில் நின்றவர்கள் இருக்கிறார்கள். நிற்காவிட்டாலும் அங்கே பதுங்குகுழி வெட்டியவர்கள், தென்னங்குற்றி ஏற்றிப்போன உழவு இயந்திரத்தை ஓட்டியவர்கள், சாப்பாடு கொண்டுபோனவர்கள், காயப்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். சமாதான காலத்தில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தோடு சேர்ந்து இயங்கிய மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை செய்தவர்களும் இருக்கக்கூடும். எந்தப் பனங்கூடலுக்குப் பின்னால் எத்தனை வரிசை, எந்தக் குளக்கட்டில் எந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் ஆகிறது. போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த நினைவு மங்கிக்கொண்டே போகிறது.

பேசப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த சமூகத்தில், "எனக்குத் தெரியும்" என்று சொல்வதே ஆபத்தாக இருந்தது. ஊரில் இருக்கிற உறவினரை நாளைக்கு யாராவது வந்து விசாரிப்பார்களோ என்ற யோசனை அகதியாகப் போனவர்களுக்கு இன்னும் போகவில்லை. அதைச் சிறுமைப்படுத்த இந்த மடல் எழுதப்படவில்லை. ஆனால் மிதிவெடி எடுக்கிறவருக்குத் தேவை இடம் மட்டுமே. புதைத்தவர் யார், எந்த அணி, எந்த ஆண்டு என்பதால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு கடுதாசியில் வீதி, குளம், கோயில், பெரிய மரம் என்று நாலு அடையாளத்தைப் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தால் போதும். கீழே பெயர் எழுதத் தேவையில்லை. நம்பிக்கையான ஓர் உறவினர், ஊர்க் கோயில் குருக்கள், பங்குத்தந்தை, பழைய பள்ளிக்கூட ஆசிரியர் என்று யார் மூலமாகவும் அது அகற்றும் நிறுவனத்தின் கைக்குப் போகலாம். அந்தக் கோட்டைத் தொட்டு ஒரு குழு தேடத் தொடங்கினால், ஒன்றும் இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

பணத்தின் கதையையும் நீங்கள் கேட்க வேண்டும். இந்த வேலை வெளிநாட்டு உதவியில்தான் ஓடுகிறது. அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான், நோர்வே, கனடா, ஆஸ்திரேலியா என்று கொடுத்த நாடுகளின் பட்டியலும் நீங்கள் வாழும் நாடுகளின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுதான். உலகிலேயே மிதிவெடி அகற்றலுக்கு அதிகம் கொடுத்துவந்த அமெரிக்கா, 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஒரே ஆணையில் பல நாடுகளின் அகற்றும் திட்டங்கள் தடுமாறின. அதே ஆண்டில் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக வாக்களித்தன. ரஷ்யா பக்கத்தில் இருக்கிறது என்ற அவர்களின் பயம் விளங்காததல்ல. ஆனால் எதிரி வந்துபோன பிறகு அந்த மண்ணில் மாடு மேய்க்கப்போவது யார் என்பதை முகமாலை ஏற்கெனவே காட்டிவிட்டது. உலகக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2023இல் மிதிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த வெடிபொருள்களாலும் உயிரிழந்தோரும் காயமடைந்தோரும் குறைந்தது 5,757 பேர் என்று கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கை பதிவு செய்தது. அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள். மியான்மரில்தான் அந்த ஆண்டு எண்ணிக்கை அதிகம்.

நாடுகள் இப்படி முகத்தைத் திருப்பும் நேரத்தில் இலங்கை போன்ற இடங்களின் 'கடைசிக் கொஞ்சம்' எளிதாக மறந்துபோகும். தலைப்புச் செய்திக்கு அது பெரிதில்லை. உக்ரைனுக்கும் சிரியாவுக்கும் முன்னால் முகமாலைக்குப் பணம் கேட்பது கூச்சமாகவும் இருக்கும். கூச்சப்படாதீர்கள். உடன்படிக்கை 1997 டிசம்பரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஒட்டாவா, ரொறன்ரோவிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். தொடங்கிய வேலையை முடிக்கப் பணம் கொடுங்கள் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதும் உரிமை கனடாத் தமிழருக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கிறது? முடிவு தெரிகிற, அளந்து காட்டக்கூடிய ஒரு வேலைக்குத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

மிதித்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. ஒருமுறை கால் போட்டால் கதை முடிந்துவிடாது. வயலில் நிற்கிறவரின் கால் தேய்ந்து உடையும்; வளர்கிற பிள்ளைக்குக் கால் அளவு மாறிக்கொண்டே போகும்; வெட்டுப்பட்ட காலின் முனை உரசிப் புண்ணாகும். கடைசி மிதிவெடியை எடுத்த பிறகும் இந்தச் செலவு பல பத்தாண்டுகளுக்கு இருக்கும். ஊருக்குக் கோபுரம் கட்டும் சங்கங்களின் வருடக் கணக்கில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைப்பதற்காகத்தான்.

முதலாவது, உங்கள் காணி அகற்றும் குழுக்களின் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊரிலிருக்கிற ஒருவரை விதானையாரிடமோ பிரதேச செயலகத்திடமோ அனுப்புங்கள். கிளிநொச்சியில் இருக்கிற பிராந்திய மிதிவெடி அலுவலகத்திடமும் கேட்கலாம். துப்புரவு செய்து கையளித்ததற்கான பதிவைக் காணும்வரை ஒரு பெக்கோவையும் உள்ளே விடாதீர்கள், கூலிக்கு ஒருவரையும் அனுப்பாதீர்கள், காணியை விற்கவும் வேண்டாம். இரண்டு வருடம் காத்திருந்தால் காணி எங்கேயும் ஓடிவிடாது.

இரண்டாவது, தெரிந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தை யாரோ ஒருவர் காலால் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது, உங்கள் நாட்டு உதவி 2028 வரை நின்றுவிடாமல் இருக்க, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். சங்கமாகக் கேட்டால் இன்னும் நல்லது.

நான்காவது, வடக்கில் பண்ணையோ தொழிற்சாலையோ தொடங்க நினைப்பவர்களிடம்: 2028க்குப் பின் வேலை இழக்கப்போகும் அந்தப் பெண்களை முதலில் கூப்பிடுங்கள். நாள் முழுக்க ஒரே கவனத்தோடு, விதி மீறாமல் வேலை செய்து பழகியவர்கள் அவர்களைப் போல வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள். இரக்கத்துக்காகக் கூப்பிடச் சொல்லவில்லை.

இவற்றில் இரண்டாவதற்குத்தான் அவசரம். மற்றவை தாமதமானாலும் திருத்தலாம். குழுக்கள் போன பிறகு வந்து சேரும் வரைபடத்தால் யாருக்கும் பயனில்லை. ஆகவே இந்த வாரமே அண்ணனையோ, பழைய நண்பரையோ, ஒரே காவலரணில் நின்றவரையோ கூப்பிட்டுப் பேசுங்கள். நினைவிருக்கிற அளவுக்கு இடத்தைக் கீறுங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பெயர் போடாமல் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.